கழுவெளி: துருவத்துப் பறவைகள் பசியாறும் இடம்

புதுச்சேரியின் கருவடிக்குப்பத்தைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போகிறவர்கள், காலாப்பட்டு, கூனிமேடு, அனுமந்தை என்று கடலை வலப்பக்கம் பார்த்தபடியே மரக்காணம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். இடப்பக்கம் இருக்கும் கழுவெளி ஏரியைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கவனித்தாலும், வெயில் காலத்தில் அது வெடித்துக் கிடக்கும் வெறும் நிலமாகத்தான் தெரியும். ஐப்பசி மழை பெய்ததும் கதை மாறிவிடும். வானூர், மரக்காணம் பக்கத்து ஏரிகளில் நிரம்பி வழியும் தண்ணீரெல்லாம் இங்கே வந்து பரவும். எடையந்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல்நீரும் உள்ளே ஏறும். தெற்கே நல்ல தண்ணீர், வடக்கே போகப் போக உப்பு, நடுவில் இரண்டும் கலந்த சதுப்பு. தென்னிந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் பழவேற்காட்டுக்கு அடுத்த இடம் இதற்குத்தான். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு இதில் 5,151 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஜனவரியில், உலகின் முக்கியச் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது.

பூநாரையும் கூழைக்கடாவும் சாலையில் போகிறவர் கண்ணிலேயே பட்டுவிடும். இன்று பேச விரும்புவது அவற்றைப் பற்றியல்ல. ஈரச் சேற்றில், எலி ஓடுவதுபோல் குடுகுடுவென்று ஓடி, நொடிக்கு நொடி மூக்கால் குத்திக்கொண்டே போகும் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி. கொசு உள்ளான் என்பது அதன் பெயர். எடை முப்பது கிராம் அளவுதான். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில், மரமே முளைக்காத தூந்திர வெளியில். அங்கே கோடை சில வாரங்கள்தான். அது முடிந்ததும் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து தெற்கே வருகிறது. துருவக்கரடி உலவும் அந்த வடதுருவ வட்டாரத்தின் ஓர் உயிரைப் பார்க்க, புதுச்சேரிக்காரர் டவுன் பஸ் ஏறினால் போதும்.

கரடியை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. காட்டுயிரை வழிகாட்டியோடு போய்ப் பார்த்துப் படம் எடுக்கும் தொழில், உலகில் மிகத் தீவிரமாக நடக்கும் ஊர்களில் ஒன்று கனடாவின் மானிடோபா மாகாணத்தில் உள்ள சர்ச்சில். அட்சன் விரிகுடாக் கரையில், ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர். சாலை கிடையாது. ரயிலில் போகலாம், விமானத்தில் போகலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் உலகெங்குமிருந்து ஆட்கள் வந்து, ஆளுயரச் சக்கரம் பூட்டிய பெரிய வண்டிகளில் ஏறித் தூந்திர வெளிக்குப் போகிறார்கள். 1979 வாக்கில் லென் ஸ்மித் என்பவர் அந்த வண்டியைக் கட்டியதிலிருந்து இது ஒரு பெருந்தொழில். ஏன் அந்த இரண்டு மாதம் மட்டும்? கரடி கடல்பனியின் மேல் நின்று சீல்களை வேட்டையாடும் விலங்கு. ஜூலையில் பனி உடைந்ததும் கரைக்கு வந்துவிடுகிறது. கரையில் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி இரை கிடையாது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ எடை குறைந்துகொண்டே, கடல் மறுபடி உறையும் நாளுக்காகக் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பின் கடைசிக் கட்டத்தில்தான் கரடிகள் கரையோரம் கூடுகின்றன, படக்கருவிகளும் கூடுகின்றன. அதாவது சுற்றுலாக்காரரின் நல்ல பருவம், கரடியின் பட்டினிப் பருவம்.

கழுவெளியிலும் கணக்கு இதுவேதான். தை, மாசியில் தண்ணீர் வற்ற வற்றச் சேறு வெளியே தெரியும். பறவைகள் அந்தச் சேற்று விளிம்பில் நெருங்கிக் கூடும். பார்ப்பவருக்கு அதைவிட வசதியான காலம் இல்லை. பறவைக்கோ அதுதான் வடக்கே திரும்புவதற்கு முன் கொழுப்புச் சேர்க்க வேண்டிய காலம். முப்பது கிராம் உடம்பில் சேர்கிற ஒவ்வொரு கிராமும் வழியில் எரிக்க வேண்டிய எரிபொருள். ஒருமுறை கூட்டத்தைக் கலைத்தால், மேய்ச்சல் நேரம் ஒரு பக்கம் போகிறது, எழுந்து பறப்பதில் சேர்த்த கொழுப்பு இன்னொரு பக்கம் போகிறது. பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்த மரியாதைதான் இங்கே வேண்டியது. எனவே, இப்படிப்பட்ட இடத்தில் வழிகாட்டி ஒருவருக்குக் கூலி கொடுக்கிறோம் என்றால், அது பறவைக்கு அருகே கூட்டிப் போவதற்கான கூலியாக இருக்கக் கூடாது. எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்துவதற்கான கூலியாக இருக்க வேண்டும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு, பறவைகள் பழகிவிடும் என்பது. மீனவர் வலை வீசுகிறார், மாடு மேய்கிறது, அவற்றுக்கு அஞ்சாத பறவை நாலு படக்காரருக்கா அஞ்சும் என்று கேட்பார்கள். கேள்வியில் பாதி நியாயம் உண்டு. ஆனால் மீனவரும் மாடும் பறவையைக் குறிவைத்து நடப்பதில்லை. தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். படக்காரர் பறவையையே பார்த்துக்கொண்டு, நேராக அதை நோக்கி வருகிறார். வேட்டைக்காரன் வருவதும் அப்படித்தான். சர்ச்சிலில் வண்டிகள் அருகே இருந்தபோதும் இல்லாதபோதும் கரடிகளைக் கவனித்து 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, வண்டி இருக்கையில் ஆண் கரடிகள் படுத்த இடத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பது கூடுகிறது என்று காட்டியது. ஓடாமல் படுத்திருப்பதாலேயே அது நிம்மதியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உண்மையாகவே பழகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மனிதருக்கு அஞ்சாத பறவை, வலையோடும் கவணோடும் வருகிறவருக்கும் அஞ்சாது. நம் நீர்நிலைகளில் பறவை வேட்டை இன்னும் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. கிட்டத்தில் பார்க்காமல் அன்பு வருமா, நல்ல படம் ஒன்று பத்திரிகையில் வந்தால்தானே ஊரும் அரசும் அந்த இடத்தைக் காக்கும் என்பது. படங்கள் பயன்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அன்புக்கு அருகாமை கட்டாயம் என்பது சரியல்ல. கருவடிக்குப்பத்தாருக்கு இதை விளக்கவே வேண்டாம். பாரதியின் குயில் பாட்டோடு சேர்த்துப் பேசப்படும் குயில்தோப்பு இருந்த ஊர் இது. இலைக்குள் மறைந்து குரல் மட்டும் கொடுக்கும் பறவையைத்தான் இந்த ஊர் கொண்டாடிவருகிறது. வேடந்தாங்கல் இன்னும் உறுதியான சான்று. அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடமிருந்து 1798இல் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். அந்த ஊரார் யார் கையிலும் படக்கருவி இல்லை. எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் தங்கள் நெல்லுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றும் அங்கே போகிறவர் கரையில் நடந்தும் கோபுரத்தில் ஏறியும்தான் பார்க்கிறார். கூட்டுக்கு அருகே போக முடியவில்லையே என்று யாரும் வேடந்தாங்கலை வெறுத்துவிடவில்லை.

தூரம் விதித்தால் பிழைப்புப் போய்விடும் என்ற மூன்றாவது கவலைக்குத் துருவமே பதில் சொல்கிறது. சர்ச்சிலில் வண்டிகளுக்கு உரிமம் எண்ணித்தான் கொடுக்கிறார்கள். பழைய தடங்களை விட்டு விலகக் கூடாது, பயணி கீழே இறங்கக் கூடாது. தொழில் படுத்துவிடவில்லை. நார்வேயின் சுவால்பார்டு தீவுகளில், நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் அதே தீவுக்கூட்டத்தில், 2025 ஜனவரி முதல் துருவக்கரடிக்கு 300 மீட்டருக்குள் போகக் கூடாது என்று விதி. மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். ஆனால் சர்ச்சிலைப் பின்பற்ற முடியாத இடமும் உண்டு. கரடியைப் பார்க்க விமானத்தில் பறக்கிறவர்களின் புகை, கரடிக்கு வேண்டிய பனியையே உருக்குவதில் பங்கு சேர்க்கிறது. மேற்கு அட்சன் விரிகுடாவில் 2016இல் 842 என்று மதிப்பிடப்பட்ட கரடிகள், 2021இல் 618 ஆகிவிட்டன. வண்டிக்காரர் எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் அந்தக் கணக்கை அவரால் திருத்த முடியாது. டவுன் பஸ்ஸில் போகும் நமக்கு அந்தச் சங்கடம் இல்லை.

மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கப்படும் என்று 2023இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தப் பணம் எதற்குச் செலவாக வேண்டும் என்பதில்தான் இந்த வாதமெல்லாம் வந்து நிற்கிறது. சேற்றுக்குள் நீளும் நடைபாதைக்கும் மோட்டார் படகுக்கும் போனால் வீண். கரையோரம் ஓலை வேய்ந்த மறைப்புகள், அவற்றில் நிலையாகப் பொருத்திய தொலைநோக்கிகள், ட்ரோன் பறக்கத் தடை, சுற்றுக் கிராமங்களின் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சியும் மாதச் சம்பளமும் என்று போனால், பறவையால் ஊருக்கு வரவு உண்டு என்ற வேடந்தாங்கல் கணக்கு இங்கேயும் எழும். கரடியைப் போலப் பெரிய உயிரென்றால் 300 மீட்டரில் நின்றும் படம் எடுக்கலாம். ஒரு சாண் நீளம்கூட இல்லாத உள்ளானுக்கு அது நடக்காது, நெருங்கும் ஆசைதான் மிஞ்சும். ஆகவே இங்கே படக்கருவியைவிடத் தொலைநோக்கிக்கு முதலிடம் கொடுப்பதே முறை.

போக விரும்பும் நேயர்களுக்கு ஒரு சொல். தை பிறந்து பங்குனி வரை நல்ல காலம். விடிந்ததும் கிழக்குக் கரையில் இருந்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் விழும், பறவையின் நிறம் துலக்கமாகத் தெரியும். வெளிர் சட்டை வேண்டாம். கூட்டத்தில் பாதிக்கு மேல் மேய்வதை விட்டுத் தலை தூக்கினால், நின்ற இடத்திலிருந்து பின்வாங்கிவிடுங்கள். சித்திரை வந்துவிட்டால் உள்ளான்களைத் தேட வேண்டாம், பெரும்பாலானவை வடக்கே கிளம்பியிருக்கும்.