தாத்தா பிறந்த ஊருக்குப் போகும்போது



தோட்டப்புறத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஓர் ஆசை உண்டு. தாத்தாவோ பாட்டியோ பிறந்த ஊரை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதே அது. அந்நாளில் பினாங்கில் ரஜுலா கப்பலில் ஏறினால், நாகப்பட்டினம் போய்ச் சேரப் பல நாள்கள் ஆகும். பின்னர் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழியும் நின்றுபோயிற்று. இன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம்தான். பயணம் சுருங்கிவிட்டது, பயணத்துக்கு வேண்டிய கவனம் மட்டும் சுருங்கலாகாது. போய்வரும் நாள்களில் உடலையும் உறவையும் எப்படிக் காத்துக்கொள்வது என்பதை இன்று சிந்திப்போம்.

முதலில் புறப்பாடு. கடப்பிதழ் இன்னும் ஆறு மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். அதில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து விமானச் சீட்டிலும் இருக்க வேண்டும். இந்திய விசாவைப் புறப்படுவதற்கு முன்பே பெற்றுக்கொள்ள வேண்டும். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து உண்போர், தங்கும் நாள்களுக்கும் மேலே ஒரு வாரத்துக்குச் சேர்த்து, மருத்துவர் எழுதிய சீட்டோடு கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி வந்து சேராமல் போனாலும் மருந்து நம்மோடு இருக்கும். இன்சுலின் மருந்தை ஒருபோதும் பெரிய பெட்டியில் வைக்கலாகாது. சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் அது கெட்டுவிடும். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே கிளினிக்கிற்குப் போய், டைபாய்டு தடுப்பூசி பற்றிக் கேட்டுக்கொள்வதும் நல்லது. முகம் தெரிந்தவரே ஆனாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று நாம் பார்க்காத பொட்டலத்தைச் சுமக்க வேண்டாம்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் வாசலிலேயே ஒரு செம்புத் தண்ணீரை நீட்டுவார்கள். அது அன்பின் அடையாளம். ஆனால், அவர்கள் வயிற்றுக்குப் பழகிய தண்ணீர் நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். முகம் சுளித்து, "இந்தத் தண்ணீர் சுத்தமா?" என்று கேட்டால் அந்த வீடே புண்படும். "சித்தி, சூடாகக் காப்பி போட்டுக் கொடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். காப்பிக்குத் தண்ணீர் கொதித்துத்தான் ஆக வேண்டும். சித்திக்கும் மகிழ்ச்சி, நம் வயிற்றுக்கும் நன்மை. குடிப்பதற்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் போதும். உணவைச் சுடச்சுட உண்ணுங்கள். வெட்டி வைத்த பழத்தையும் தெருவோரத்துப் பனிக்கட்டியையும் தவிருங்கள்.

அப்படியும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை சோர்ந்து கண் குழிவிழுந்தாலோ காத்திருக்கலாகாது. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தமிழ்நாட்டில் ஆம்புலன்சை அழைக்க 108 என்ற எண் உண்டு.

அடுத்து, நாய்க்கடி. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் நாயோடு விளையாடி வளர்ந்தவர்கள். அங்கே தெருவில் ஒரு நாய்க்குட்டியைக் கண்டாலும் ஓடிப்போய்த் தூக்குவார்கள். இந்தியாவில் வெறிநாய்க் கடி நோய் இன்னும் ஒழியவில்லை. அந்த நோயின் அறிகுறி தோன்றிவிட்டால், பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் கடித்த உடனே முறைப்படி செய்தால் நோய் வராமலே தடுத்துவிடலாம். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் அப்ப வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்தைச் சுற்றியும் தனி மருந்து போடுவார்கள். இது ஓர் ஊசியோடு முடிவதன்று. குறித்துக் கொடுத்த நாள்களிலெல்லாம் போட வேண்டும். இடையில் நாடு திரும்ப நேர்ந்தால், அந்தச் சீட்டைக் காட்டி இங்கே தொடரலாம். சிறு கீறல்தானே என்று பிள்ளைகள் மறைத்துவிடாதபடி, "சொன்னால் அடிக்க மாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கொசுவிலும் கவனம் வேண்டும். டெங்கிக் கொசு பகலில் கடிக்கும். மலேரியாக் கொசு இரவில் கடிக்கும். இரவில் வலை கட்டிப் படுப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நம் நாட்டில் 2018இல் மனித மலேரியா உள்ளூரில் ஒருவருக்கும் தொற்றியதாகப் பதிவாகவில்லை. ஆகவே திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால், "நான் இந்தியா போய் வந்தேன்" என்று நாமே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஒரு வகை மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து, பல மாதம் கழித்தும் தலைகாட்டும்.

இனி, உறவு. நம்மை வரவேற்பவர்கள் நல்ல பாயையும் நல்ல தலையணையையும் நமக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுப்பார்கள். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எங்கள் மலேசியாவில் இப்படியெல்லாம் இல்லை" என்று பேசுவது முறையாகாது. பெரியவர்களைப் பெயர் சொல்லாமல் முறை சொல்லி அழையுங்கள். இன்னார் என்ன முறை என்று தெரியாவிட்டால் பாட்டியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். யாரையும் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைத்தொலைபேசி கூடாது என்று உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. வாசலில் ஒப்படைக்கச் சொன்னால் வாதாட வேண்டாம். தாத்தாவின் நிலம் யாரிடம் இருக்கிறது என்ற பேச்சைப் போன முதல் நாளே எடுக்கவும் வேண்டாம்.

வேலையில்லாத இளைஞர்கள், "அண்ணே, என்னையும் அழைத்துப் போங்கள்" என்பார்கள். மனம் இளகி வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சுற்றுலாவாக வந்து இங்கே வேலை செய்வது சட்டப்படி குற்றம். அந்த வாக்கை நம்பி ஒரு குடும்பம் கடன் வாங்கினால், அதை அடைக்கப்போவது அவர்கள்தாம்.

நேயர்களே, வருடக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் செய்யும் பயணம் இது. நாம் போனபின் அந்த வீட்டில், "நல்ல பிள்ளைகள், நம் இரத்தம்தான்" என்று சொல்ல வேண்டும். நாமும் நோயின்றி வீடு திரும்ப வேண்டும். இரண்டும் நம் கையில்தான் இருக்கின்றன.