வந்தியின் பங்கு

ஆவணியில் புட்டுத்தோப்புத் திருவிழாவுக்கு என் அப்பத்தா என்னைக் கூட்டிக்கிட்டுப் போகும். வைகை உடைப்பெடுத்தப்ப வீட்டுக்கொரு ஆள் கரையை அடைக்கணும்னு பாண்டியன் உத்தரவு. ஆளில்லாத வந்திக்காகச் சொக்கரே கூலியாளா வந்து, உதிர்ந்த புட்டுக்கு மண் சுமந்து, பிரம்படியும் பட்டாருன்னு கதை சொல்லும். “கூலி குடுத்துட்டா பாரு, ஓசியில வேலை வாங்கல”ன்னு அதை மட்டும் ரெண்டு தடவை சொல்லும்.

போன வருஷம் எங்க குழுவில் இட்லிக் கடை அக்கா மூணு மாசம் தவணை கட்டலை. பேரை எடுத்துடலாம்னு பேச்சு வந்துச்சு. நானும் தலையாட்டினேன், மறைப்பானேன். ராத்திரிதான் அப்பத்தா கதை நினைவுக்கு வந்தது. வந்தியோட பங்கை ராஜா தள்ளுபடி செய்யலை. அவளுக்காக இன்னொருத்தர் கூடை எடுத்தார். மறுநாள் பேசி, அந்தத் தவணையை நாங்களே பிரிச்சுக் கட்டினோம்.

அக்கா இப்போ வாராவாரம் திருப்பித் தர்றாங்க. வேண்டாம்னு சொன்ன ரெண்டு பேருக்கு விழுந்த திட்டு இருக்கே!