அலுவலகக் கணினிகள் வீடு மாறும்போது



தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு வீடு மாறுவது பழகிப்போன காரியம். மாற்றல் உத்தரவு வந்தவுடன் புது ஊரின் வாடகையை மட்டும் விசாரித்துவிட்டு நாம் புறப்பட்டுவிடுவதில்லை. எதைக் கட்டி எடுத்துச் செல்வது, எதை விற்றுவிடுவது, எது வழியில் உடையக்கூடியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். அலுவலகத்துக் கணினிகள் ஒரு இயங்குதளத்தை விட்டு வேறோர் இயங்குதளத்துக்குச் செல்வதும் இத்தகைய குடிபெயர்ச்சியே. அதைப் பற்றித்தான் இன்று நாம் சிறிது சிந்திக்கப் போகிறோம்.

இந்தக் கேள்வி இப்போது எழுவதற்குத் தக்க காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்துள்ள விண்டோஸ் 11, குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் உள்ள கணினிகளையே ஏற்கும். ஆகவே நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் பழைய கணினிகள் பல, தம்மிடத்தில் எவ்விதப் பழுதும் இல்லாமலே ஓய்வு பெற வேண்டிய நிலைக்கு வந்திருக்கின்றன. புதிய கணினிகளை வாங்குவதா, இருக்கும் கணினிகளிலேயே வேறு இயங்குதளத்தை நிறுவுவதா என்று பல அலுவலகங்கள் யோசிக்கின்றன.

வேறு இயங்குதளம் என்றால் பெரும்பாலும் லினக்ஸைச் சார்ந்த ஒன்றையே குறிக்கும். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமையுள்ள மென்பொருள் வேண்டும் என்று குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இயங்குதளத்தின் கருவாகிய லினக்ஸை வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்த வழியில் வளர்ந்ததே இன்றைய திறந்த மூல இயங்குதளங்கள். நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸ் கருதான். உலகின் மிகவேகக் கணினிகள் ஐந்நூற்றின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸில் இயங்குபவையே. எனவே, இது நம்பத்தக்கதா என்று அஞ்சுவதற்கு இடமில்லை.

நமது மத்திய அரசும் இத்துறையில் வாளாவிருக்கவில்லை. 2010இல் மின்னாளுகைக்கான திறந்த தரங்களைப் பற்றிய கொள்கையும், 2015இல் அரசு அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளை ஏற்பது பற்றிய கொள்கையும் வெளியாயின. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளை, டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டது. இந்திய மொழிகளில் பணிபுரிவதற்கென்றே அமைந்தது அது. 2023இல் பாதுகாப்பு அமைச்சகம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட ‘மாயா’ என்னும் இயங்குதளத்தைத் தன் கணினிகளில் நிறுவத் தொடங்கியது.

கொள்கை இருக்கிறது, கருவியும் இருக்கிறது. அப்படியானால் தடை எங்கே? அலுவலக மேசையிலே இருக்கிறது. அங்கே மாற வேண்டியவை மூன்று: கோப்புகள், கருவிகள், மனிதர்கள். இவற்றுள் முதலாவதாகிய கோப்புகளைப் பற்றி, மத்திய அரசில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் எங்களுக்குச் சொல்லத்தக்க அனுபவம் உண்டு.

1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் முதலியன இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவர வேண்டும். கணினி அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து இந்திய மொழிகளில் எழுதுவதற்கு ஒரு குறுக்குவழி பரவியிருந்தது. இந்தியில் கிருதி தேவ், தமிழில் பாமினி போன்ற எழுத்துருக்களைச் சொல்லலாம். இவற்றில் ரோமன் எழுத்துகளின் இடத்தில் நம் எழுத்துகளின் உருவம் வரையப்பட்டிருக்கும். பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது, கணினியின் உள்ளே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அந்த எழுத்துரு இருக்கும் வரையில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற எழுத்துக் குவியல். தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்த இயலாது.

1991இல் முதற்பதிப்பு வெளியான யூனிகோடு, தமிழுக்கும் தேவநாகரிக்கும் தனித்தனி இடம் வகுத்துத் தந்தது. 2009இல் மத்திய அரசு மின்னாளுகைக்கு அதையே தரமாக ஏற்றது. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் பழைய எழுத்துருக்களில் எழுதப்பட்ட சுற்றறிக்கைகளும் ஓய்வூதிய ஆணைகளும் அலுவலகங்களில் குவிந்து கிடக்கின்றன. இயங்குதளத்தை மாற்றும் நாளில் இவை கணக்குக் கேட்கும்.

எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றித்தரும் நிரல்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவற்றை நம்பலாகாது. தட்டச்சு முறையில் ‘கொ’ என்பதற்கு முதலில் கொம்பையும், பிறகு ககரத்தையும், இறுதியில் காலையும் இடுகிறோம். யூனிகோடிலோ ககரம் முன்னே, உயிர்க்குறி பின்னே. இந்தியிலும் குற்றெழுத்து இகரக் குறி கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் சேமிக்கப்படுவது மெய்யெழுத்துக்குப் பின்னால்தான். மாற்றும் நிரல் இதில் தவறினால் சொற்கள் சிதையும். அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. ஒரே ஆவணத்தில் ஆங்கிலத்தில் எழுதிய பெயரும் சட்டப் பிரிவின் எழுத்தும் இருக்குமாயின், எழுத்துருவைப் பிரித்தறியாத நிரல் அவற்றையும் ரோமன் உருவிலிருக்கும் தமிழென்றே எண்ணி மாற்றிவிடும். ஓர் ஓய்வூதியரின் பெயரும் அவர் வாங்கிய பதவியின் பெயரும் உருத்தெரியாமற் போய்விடும். ஆகவே மாற்றிய ஒவ்வோர் ஆவணத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மொழி அறிந்த ஒருவர் வேண்டும். இந்த நேரத்தை எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

எழுத்துருவுக்கு அடுத்தபடி கோப்பின் வடிவம். திறந்த ஆவண வடிவம் 2006இலேயே சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டுவிட்டது. லிப்ரெஆஃபீஸ் அதையே தன் இயல்பான வடிவமாகக் கொண்டிருக்கிறது. பழைய வேர்டு, எக்ஸெல் கோப்புகளையும் திறக்கிறது. எனினும் பழைய கோப்பில் பயன்படுத்திய எழுத்துரு புதிய கணினியில் இல்லையேல் வரிகள் நகர்ந்து, ஒரு பக்கத்துக்குள் அடங்கிய அட்டவணை இரண்டு பக்கமாகப் பிரியும். ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஈடான அகலமுள்ள லிபரேஷன் எழுத்துருக்களை நிறுவினால் இத்தொல்லை பெரிதும் குறையும். கணக்குப் பிரிவில் யாரோ ஒருவர் எழுதிவைத்த மேக்ரோக்கள்தாம் கடினமானவை. சம்பளப் பட்டியலைத் தாமே கூட்டித்தரும் அந்தச் சிறு நிரல்கள் பலவும் புதிய இடத்தில் அப்படியே ஓடுவதில்லை. அவற்றை எண்ணிப் பட்டியலிட்டு, வேண்டியவற்றை மறுபடி எழுதுவதே வழி.

இனிக் கருவிகள். பொதுக் கோப்பகத்தைப் பகிர்ந்துகொள்வதற்குச் சாம்பா என்னும் மென்பொருளும், அச்சிடுவதற்குக் கப்ஸ் என்னும் முறையும் பல்லாண்டுகளாகப் பயனில் உள்ளன. சாம்பாவின் உதவியால் விண்டோஸ் கணினியும் லினக்ஸ் கணினியும் ஒரே வலையமைப்பில் அடுத்தடுத்து இருந்து வேலை செய்யலாம். ஆனால் ஒவ்வொரு பிரின்டரையும் ஸ்கேனரையும் டிஜிட்டல் கையொப்பத்துக்கான சாதனத்தையும் முன்கூட்டியே இணைத்துச் சோதித்துவிட வேண்டும். மாதக் கடைசியில் பட்டுவாடா ஆணையில் அதிகாரி கையொப்பமிட வேண்டிய நேரத்தில் அச்சாதனத்தைக் கணினி அறியாவிட்டால், ஊழியர் கண்ணுக்குத் திட்டம் முழுவதுமே பாழாய்த் தோன்றும்.

மூன்றாவது மனிதர்கள். இருபது ஆண்டுகள் ரெமிங்டன் தட்டச்சு முறையில் பழகிய விரல்களுக்கு, ஓய்வுபெற மூன்று ஆண்டுகள் இருக்கையில் இன்ஸ்கிரிப்ட் முறையைத் திணிப்பது நியாயமாகாது. லினக்ஸில் இன்ஸ்கிரிப்டும் உண்டு. தமிழ்99, தட்டச்சு முறை ஆகியனவும் உண்டு. இந்திக்கு ரெமிங்டன் முறையும் உண்டு. அவரவர் பழக்கத்துக்கேற்ப அமைத்துக் கொடுத்தால், எழுதப்படுவது எல்லோருக்கும் பொதுவான யூனிகோடாகவே இருக்கும். விரல் பழையதாயிருக்கலாம், கோப்பு புதியதாயிருந்தால் போதும்.

மனிதர்களைப் பழக்கியதால் என்ன கைகூடும் என்பதற்குக் கேரளத்தின் பள்ளிகள் சான்று. அங்கே 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, திறந்த மூல மென்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. 2017இல் அது ‘கைட்’ என்னும் நிறுவனமாயிற்று. 2019இல் அந்நிறுவனம், பள்ளிகளின் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்கெனத் தன் லினக்ஸ் பதிப்பை வழங்கியது. கற்பிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்ததே அதன் பலம்.

வெளிநாட்டு அனுபவமும் இதையே கூறுகிறது. பிரான்ஸின் ஜாந்தார்மெரி என்னும் காவற்படை 2005இல் அலுவலக மென்பொருளை மட்டும் மாற்றியது. 2006இல் இணைய உலாவியையும் மின்னஞ்சல் மென்பொருளையும் மாற்றியது. 2008இல்தான் இயங்குதளத்தில் கைவைத்தது. ஊழியர்கள் அன்றாடம் தொடும் மென்பொருள் யாவும் பழகிப்போன பின் அடித்தளம் மாறியதால், பின்னர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட கணினிகள் மாறியபோதும் அது நிலைத்து நின்றது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் முடிவெடுத்து, 2006இல் தொடங்கி, ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. ஆயினும் 2017இல் நகரமன்றம் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவுசெய்தது. 2020இல் பொறுப்பேற்ற கூட்டணியோ திறந்த மூலத்துக்கே முன்னுரிமை என்று அறிவித்தது. இத்தகைய காரியம் தொழில்நுட்பத்தால் மட்டும் நிற்பதில்லை. நிர்வாகத்தின் உறுதியும் ஊழியரின் மனநிறைவும் தொடர்ந்து வேண்டும் என்பதை மியூனிக் நமக்குக் காட்டுகிறது.

செலவைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேசிவிட வேண்டும். உரிமக் கட்டணம் இல்லை என்பதால் இது இனாம் என்று எண்ணுவது பிழை. பயிற்சிக்குச் செலவுண்டு, பராமரிப்பவருக்குச் சம்பளமுண்டு, மேக்ரோக்களை மறுபடி எழுதுவதற்கும் கோப்புகளைச் சரிபார்ப்பதற்கும் ஆள் வேண்டும். ஆனால் அந்தப் பணம் நம் ஊரில், நம்மவரின் திறமையாக வளர்ந்து நிற்கும். பராமரிக்கும் நிறுவனம் ஒன்று விலகினால் மற்றொன்றை அமர்த்திக்கொள்ளவும் முடியும். மூலநிரல் கையிலிருப்பதன் பயன் அது.

ஆகையால் இறங்க விரும்பும் அலுவலகத்துக்கு நாம் சொல்லக்கூடிய வரிசை இது. முதலில் கோப்புகளையும் கருவிகளையும் கணக்கெடுங்கள். இன்று முதல் எழுதுவது யாவும் யூனிகோடில் என்று ஆணை பிறப்பியுங்கள். லிப்ரெஆஃபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் விண்டோஸிலேயே இயங்குமாதலால் ஓராண்டு அங்கேயே பழகுங்கள். பிறகு ஒரு பிரிவில் மட்டும் இயங்குதளத்தை மாற்றிப் பாருங்கள். பழைய கணினி ஒன்றை இணையத்தோடு இணைக்காமல், பழைய கோப்புகளைத் திறப்பதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும்.

இது அரசு அலுவலகங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் நாம் நடத்தும் தமிழ்ச் சங்கங்களிடமும் உறுப்பினர் பட்டியல்கள் உண்டு. கூட்டக் குறிப்புகள் உண்டு. ஆண்டுமலர்களின் மூலப்படிகள் உண்டு. அவற்றுள் பழைய எழுத்துருக்களில் கிடப்பவை எத்தனை என்று பொறுப்பிலிருப்போர் பார்க்க வேண்டும். தட்டச்சுச் செய்தவர் இன்னும் ஊரில் இருக்கும்போதே, எழுத்துரு எதுவென்று கேட்டறிந்து, யூனிகோடுக்கு மாற்றி, ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். இயங்குதளம் எதுவாயினும் ஆகட்டும். முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஓய்வூதியரின் மனைவி தம் கணவரின் ஆணையைக் கேட்டு வந்தால், அந்நாளைய எழுத்தர் அதைத் திறந்து படித்துச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அதற்கு இன்று செய்ய வேண்டிய வேலை, நம் பழைய கோப்புகளில் ஒன்றைத் திறந்து பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது.