பழைய பாய்க்கலம்: வாங்கும் விலையும் காக்கும் செலவும்



பாகாலாவில் கடல் இல்லை. ஆயினும் கலத்தைப்பற்றிப் பேச இவ்வூர் பொருந்தாத இடமன்று. காட்பாடிக்கும் திருப்பதிக்கும் தருமாவரத்திற்கும் பாதைகள் பிரியும் சந்திப்பில் வாழும் நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். வண்டியை வாங்குவது ஒருநாட் செலவு. காலந்தோறும் பணிமனையில் பிரித்துப் பழுதுபார்ப்பது வாழ்நாட் செலவு. மரத்தாலாகிய பாய்க்கலத்திற்கு இவ்வுண்மை இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

தூத்துக்குடித் தோணியை எடுத்துக்கொள்வோம். அவ்வூர்க் கரையோரம் ஆழமற்றது. ஆகவே பெருங்கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கை ஏற்றியும் இறக்கியும் உதவியவை தோணிகளே. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் பாய்விரித்துச் சென்றவையும் அவையே. 1974-ஆம் ஆண்டு ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்பெற்றது. கப்பல்கள் துறையை நேரே அணைந்தன. தோணிக்காரருக்கு வருவாயின் ஒரு வாயில் அடைபட்டது. செலவின் வாயிலோ அடைபடவில்லை. பின்னாளில் தோணிகளில் எஞ்சின் ஏறியது. பாயின் பணி சுருங்கியது.

அச்செலவுதான் யாது? பலகைகளின் இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து, நீர் புகாவண்ணம் அடைக்கும் கலப்பற்று வேலை முதலாவது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு இரண்டாவது. வெளியே ஊசித்துளையளவே தோன்றும். உள்ளே மரம் சல்லடையாகியிருக்கும். இதனைத் தடுக்கக் கலத்தைக் கரையேற்றி, அடிப்புறத்தைச் சுரண்டிப் பூச்சிட வேண்டும். மூன்றாவது இரும்பாணி; அது துருவேறினால் தன்னைச் சூழ்ந்த மரத்தையும் கெடுக்கும். நான்காவது மழைநீர். உப்புநீரினும் நன்னீரே மரத்தை விரைவில் உளுக்கச் செய்வது என்பதைப் பலர் அறியார். இவற்றோடு, வெயிலில் நைந்துபோகும் பாயும் கயிறும் உள.

எனவே பழங்கலம் மலிவாகக் கிடைக்கிறதென்றால், முன்னையோர் தள்ளிவைத்த வேலைகள் அனைத்தும் அவ்விலையோடு நம்மிடம் வந்து சேர்கின்றன என்பதே பொருள். கைதேர்ந்த ஓடாவி பலகையைத் தட்டி ஒலி கேட்பார். கூரிய கருவியால் குத்திப் பார்ப்பார். அவரும் கழற்றிய பின்னரே முழுமையும் அறிவார். ஒரு பலகையை மாற்றத் தொடங்கினால், அதன் பின்னுள்ள வங்கும் உளுத்திருக்கும். வங்கைத் தொட்டால், அது ஊன்றிய ஏராவும் ஐயத்திற்கிடமாகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். கலத்தின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு வேண்டும் என்பது படகுடையோர் கூறும் பொதுக்கணக்கு. புதிதாகக் கட்ட 50 லட்சம் ரூபாய் ஆகும் கலம் ஒன்று, பழையது என்பதால் 5 லட்சத்திற்குக் கிடைப்பதாகக் கொள்வோம். பத்தில் ஒரு பங்கு எதற்கு? 5 லட்சத்திற்கன்று, 50 லட்சத்திற்கே. பாயும் மரமும் கூலியும் கலத்தின் அளவைப் பொறுத்தனவேயன்றி, நாம் கொடுத்த விலையைப் பொறுத்தனவல்ல. ஓராண்டிலேயே செலவு விலையை எட்டிவிடும். நீளத்திலும் ஆசை வேண்டா. நீளம், அகலம், ஆழம் மூன்றும் இருமடங்கானால் கலத்தின் பருமன் எட்டு மடங்காகும்.

உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1869-இல் நீரில் இறங்கிய 'கட்டி சார்க்' என்னும் தேயிலைக் கப்பலை 1922-இல் கப்டன் டௌமன் 3,750 பவுனுக்கு வாங்கிச் சீர்செய்தார். சீரமைப்பு நடந்துகொண்டிருக்கையில் 2007-இல் அதில் தீப்பற்றியது. 2012-இல் மீண்டும் திறக்கப்பெற்றபோது சீரமைப்புச் செலவு ஏறத்தாழ 5 கோடிப் பவுன். ஒரு நாடு தாங்கும் சுமையைத் தனிமனிதர் தாங்க இயலாது.

அங்ஙனமாயின் பழங்கலங்களைக் கைவிடுவதா? அன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் தமிழர் கைகள் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான ராபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அக்கலம் பெருங்கடல் கடந்து, 1938-இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. அத்தகைய கலத்தைக் கட்டும் கை இன்று அருகிவருகிறது. அருங்காட்சியகத்தில் நிறுத்திய கலம் தன் வடிவைக் காட்டும். தன்னைப் பழுதுபார்க்கும் முறையைக் கற்பிக்காது. ஆண்டுதோறும் ஓடாவிக்கு வேலையும், அவர் அருகில் நின்று கற்கும் இளைஞனுக்குக் கூலியும் இருந்தாலன்றி அக்கலை நிலையாது. ஓடாவி இல்லாத துறையில், பணமிருந்தும் பழங்கலத்தைக் காக்க வழியில்லை.

ஆகவே, அன்பர்களே, எவரேனும் பழைய பாய்க்கலம் ஒன்றை வாங்க எண்ணினால், அல்லது ஒன்றைக் காக்கப் பொதுப்பணம் திரட்டினால், விலைக்கென ஒரு பங்கு வைக்குமுன், சீர்செய்யவும் ஆண்டுச் செலவுக்கும் எத்தனை பங்கு உண்டெனக் கேளுங்கள். விடையில்லையெனில் வாங்க வேண்டா. விடையிருப்பின், அப்பணம் மரத்திற்கு மட்டுமன்றி, அம்மரத்தை அறிந்த கைகளுக்கும் சேரட்டும்.