அலகில் ஏது உயர்வு தாழ்வு?



"வலுத்தது பிழைக்கும், ஏற்றத்தாழ்வு இயற்கையின் சட்டம்" என்று டார்வின் பெயரைச் சொல்லியே நம்மிடம் பேசுகிறார்கள். இயற்கைத் தேர்வு உண்மையில் என்ன செய்கிறது?

கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் ஒரு சிறு தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் அங்குள்ள ஃபிஞ்ச் பறவைகளின் அலகை அளந்து, காலில் வளையமிட்டுக் கண்காணித்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. கெட்டியான பெரிய விதைகளே மிஞ்சின. பெரும்பாலான பறவைகள் செத்தன. தடித்த அலகுள்ளவையே அதிகம் பிழைத்தன. அலகின் தடிமன் பெற்றோர் வழி வருவது. அதனால் அடுத்த தலைமுறையின் சராசரி அலகு தடித்தது. எந்தத் தனிப் பறவையும் மாறவில்லை, மாறியது கூட்டம்.

1983இல் பெருமழை. சிறு விதைகள் பெருகின. அடுத்து வந்த வறட்சியில் சிற்றலகுப் பறவைகள் அதிகம் பிழைத்தன.

எந்த அலகு தகுதியானது? அந்தந்த ஆண்டின் விதைதான் அதைச் சொல்லும். என்றைக்கும் உயர்ந்த பிறப்பு என்று இயற்கையில் எதுவும் இல்லை.

சாதியோ களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியைச் சிலரிடம் கொடுத்துவிட்டு, பசித்தவர்களைத் தகுதியற்றவர்கள் என்கிறது. அந்தப் பூட்டைப் போட்டவர்கள் மனிதர்கள். அதை நாம் உடைக்க முடியும்.