தராசடியில் ஒரு குரல்

(தோட்டத் தொழிலாளரும் மரக்கறி விவசாயிகளும் ஆசிரியர்களும் நல்லதண்ணியில் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலை ஏறுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஊர் இது. டிசெம்பர்ப் பௌர்ணமி தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமி வரையில், சிவனொளிபாதமலைக்குச் செல்லும் கூட்டம் உங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. தன் வீட்டுப் படியேறவே மூச்சு வாங்கும் எழுபது வயது மூதாட்டி, இரவெல்லாம் ஆயிரமாயிரம் படிகள் ஏறி, உச்சியில் நின்று சூரியோதயம் காண்கிறாள். எங்கிருந்து வந்தது அந்த வலிமை? பக்தி என்பீர்கள். மறுக்கவில்லை. ஆனால், அதே பக்தியோடு, விளக்கில்லாத மழைக்கால இரவில், தன்னந்தனியாக அவளை ஏறச் சொல்லிப் பாருங்கள்! முன்னே நூறு பேர் போகிறார்கள். பின்னே நூறு பேர் வருகிறார்கள். இறங்குகிறவர் முகமறியாதவரைப் பார்த்துக் ‘கருணாவாய்’ என்கிறார். ஏறுகிறவர் ‘அரோகரா’ என்கிறார். நடுவிலே இருப்பவள் எப்படி உட்காருவாள்?

கூட்டம் காலுக்குப் பலம் கொடுக்கிறது. அதே கூட்டம் நாக்கைக் கட்டிப் போடுவதும் உண்டு. அதைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

நம் பாட்டன் பூட்டன் எப்படி இந்த மலைக்கு வந்தார்கள்? தனித்தனியாக வரவில்லை, கங்காணியின் கூட்டமாக வந்தார்கள். ஒரே ஊர், ஒரே உறவு, பெரும்பாலும் ஒரே சாதி. முன்பணம் கொடுத்தவர் கங்காணி. வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்தில் தலைக்காசு வாங்கியவரும் கங்காணி. கடன் தொகை எழுதிய ‘துண்டு’ இல்லாமல் வேறு தோட்டத்தில் கால்வைக்க முடியாது. அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. ஒழிந்த மறுநாளே தொழிலாளி நிமிர்ந்து விட்டானா? இல்லை! காகிதத்தை ஒழிக்கலாம், பக்கத்துக் காம்பராக்காரன் என்ன நினைப்பானோ, மாமன் முகத்தில் எப்படி விழிப்பதோ என்ற தயக்கத்தை எந்தச் சட்டம் ஒழிக்கும்? விடியலில் தப்புச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பெரட்டுக்களத்துக்குப் போனார்கள். எல்லோரும் போனதால் ஒவ்வொருவரும் போனார்கள். துரையின் பிரம்பைவிட இதுதான் வலுவான காவல் என்பது என் கருத்து.

இதைப் படிக்காதவர்களின் பலவீனம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள்! அவர்களுக்காக ஒரு செய்தி. சொலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1951இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். கல்லூரி மாணவர் ஏழெட்டுப் பேரை உட்கார வைத்தார். அவர்களுக்கு ஒரு கோட்டைக் காட்டி, வேறு மூன்று கோடுகளில் எது அதற்குச் சமநீளம் என்று கேட்டார். குழந்தைகூடச் சரியாகச் சொல்லும். ஆனால், ஒருவனைத் தவிர மற்ற அனைவரும் தவறாகச் சொல்லும்படி முன்பே ஏற்பாடு! அந்த ஒருவன் என்ன செய்தான்? ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை, தன் கண்ணைத் தள்ளிவைத்துக் கூட்டத்தின் தவற்றையே தானும் சொன்னான். பிறகு ஆஷ் ஏற்பாட்டைச் சற்றே மாற்றினார். மற்றவர்களில் ஒரே ஒருவரை மட்டும் உண்மையைச் சொல்ல வைத்தார். உடனே, பணிந்து போவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. எதிரில் இருந்த கூட்டம் அப்படியேதான் இருந்தது; துணைக்கு ஒரு குரல் கிடைத்தது, அவ்வளவுதான்!

அந்த ஒரு குரலை நம் மலைநாடும் கண்டிருக்கிறது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து, தொழிலாளர் நிலையைப் பார்த்து எழுதினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடினார். பாட்டு எதற்கு என்று கேட்கலாம். தனியாகப் பேச அஞ்சுகிறவன் சேர்ந்து பாட அஞ்சமாட்டான். பாடி முடித்த பிறகு, பக்கத்தில் இருப்பவனும் தன்னைப்போல் நினைப்பதை அறிந்து கொள்கிறான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். அந்தச் சாவுக்குப் பின் அச்சம் பரவியிருக்க வேண்டும். பரவியதோ வேலைநிறுத்தம்! அந்த ஆண்டில் தோட்டம் தோட்டமாகப் பரவியது.

மரக்கறி பயிரிடும் அன்பர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் கதையும் உண்டு. சென்ற போகத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் லீக்ஸ் போட்டு நாலு காசு பார்த்தார் என்றால், இந்தப் போகத்தில் ஊர் முழுவதும் லீக்ஸ்! விலை விழுந்த பிறகு வியாபாரியைத் திட்டுகிறோம்.

சிரிக்க முடியாத கதையும் உண்டு. 1983 ஜூலையில் வீடுகளுக்குத் தீ வைத்தவர்கள் எல்லோரும் பிறவிக் கொடியவர்களா? திட்டம் போட்டவர்கள் சிலர். கூட்டத்தோடு ஓடியவர்கள் பலர். அதே தெருக்களில், அயலவரான தமிழரைத் தம் வீட்டு அறையில் ஒளித்து வைத்துக்கொண்டு, வாசலில் நின்று ‘இங்கே யாரும் இல்லை’ என்று சொன்ன சிங்கள மக்களும் இருந்தார்கள். அவர்கள் எதிர்த்து நின்றது தம் சொந்தக் கூட்டத்தை! அதைவிடக் கடினமான வேலை எது?

இனி, நானே கண்டது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். சிறுவனாக அம்மாவோடு கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போவேன். சாக்குக்கு, ஈரத்துக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு கிலோ கழிப்பார்கள். வெயில் காய்ந்த நாளிலும் ஈரம்! நாற்பது பெண்கள் வரிசையில் நிற்பார்கள். நாற்பது பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரு நாள் அதிகம் பேசாத ஒரு அம்மாள், கூடையை இறக்காமலே, ‘இன்றைக்கு மழை இல்லையே ஐயா, ஈரம் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டார். சண்டை போடவில்லை, கேட்டார். கணக்கப்பிள்ளை முறைத்தார். அடுத்து நின்றவரும் அதையே கேட்டார். மூன்றாவதாக நின்றவர் என் அம்மா. அவரும் கேட்டார்.

வெகு நாள் கழித்து அந்த அம்மாளிடம், அவ்வளவு துணிவு எப்படி வந்தது என்று விசாரித்தேன். ‘யாராவது கேட்பார்கள் என்று பத்து வருஷம் பார்த்தேன், தம்பி. எல்லோரும் அப்படியேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது’ என்றார். இரண்டு கிலோ கழிவு ஒரு கிலோவாயிற்று. அதற்குக் கீழே இறங்கவில்லை.

உங்களில் பலர் தராசடியில் நின்று பழகியவர்கள். அங்கே நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்; யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். நான் உட்கார்ந்து கேட்கிறேன்.