புழுதியில் விதைக்கும் விசுவாசம்



புரட்டாசியில், மழை இறங்கும் முன்பே நம் கரிசலில் புழுதி விதைப்பு நடக்கிறது. நல்ல மழை வரும்வரை விதை மண்ணுக்குள் காத்துக் கிடக்கும். அரைகுறைத் தூறலில் முளைத்தால் கருகிவிடும். இதை அறிந்தே விதைக்கிறோம்.

விடாத செபமும் இவ்வாறே. லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில், நீதி கேட்டு ஓயாமல் நடுவரிடம் சென்ற கைம்பெண்ணை ஆண்டவர் நமக்குக் காட்டுகிறார். அநீத நடுவரே இணங்கினார் என்றால், தந்தையாகிய இறைவன் நம்மைக் கைவிடுவாரா?

ஆயினும் மழை பொய்த்து, விதைக்கடன் நிற்கும் ஆண்டில், "கேட்டும் கிடைக்கவில்லையே" என்று தளர்கிறோம். கெத்சமனியில் இயேசுவும் மன்றாடினார். துன்பக் கிண்ணம் அகலவில்லை, அதைப் பருகும் வலிமை அவருக்குக் கிடைத்தது.

வீரமாமுனிவர் பணிபுரிந்த காமநாயக்கன்பட்டிக்கு, ஆகஸ்டு 15-ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்கு நாம் நடந்து செல்வது, மாதாவிடம் விலை பேச அல்ல. அவரோடு சேர்ந்து காத்திருக்கவே.

ஆகவே மாலைச் செபமாலையை எந்த ஆண்டிலும் நிறுத்தாதிருப்போம். விளைச்சல் பொய்த்த வீட்டாருக்கு நம் குதிரிலிருந்து விதை கொடுப்போம். அவர்கள் செபத்திற்கு இறைவன் தரும் பதில் நம் கைவழியாகவும் செல்லட்டும். ஆமென்.